போனில் வழியும் கேலரி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நன்றாக வடிவமைத்த இணையதளங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்றைப் பல வருடமாக நடத்துகிறேன். புதிதாகத் தளம் கட்டப் போகிறவர்கள் வந்து, யார் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மேய்ந்துவிட்டுப் போகும் இடம். வேலை நடப்பது சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மாடி அறையில். பழைய தளம் 960 பிக்சலுக்கு அடித்து வைத்த சட்டம்: 300 பிக்சலில் மூன்று பத்தி, நடுவில் 20 பிக்சல் சந்து. அதை ரெஸ்பான்சிவ் ஆக்குவது, அதாவது எந்தத் திரை அகலத்துக்கும் தானே பொருந்தும்படி மாற்றுவது, ஒரு வார வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆனது.

ரெஸ்பான்சிவ் என்ற பெயரை 2010-இல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் வைத்தபோது சொன்ன சரக்கு மூன்றுதான்: நெகிழும் கிரிட், நெகிழும் படம், திரையின் தன்மையைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவெரி. கேட்க எளிது. ஆனால் பழைய தளத்தை மாற்றும்போது எங்கேயோ ஓர் எண் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட ஆணிதான். அதைப் பிடுங்காமல் மேலே துணி போட்டு மூடினால் வேறு இடத்தில் கிழியும். அப்படி மூடி நான் பட்ட பாடும் கீழே வருகிறது.

கோடு சொற்களை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

அறிகுறி: போனில் முழுத் தளமும் எறும்பு அளவில் தெரிகிறது

விரலால் விரித்தால்தான் படிக்க முடிகிறது, மீடியா குவெரி எதுவும் வேலை செய்யவில்லை என்றால், ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் போன் பிரவுசர் 980 பிக்சல் அகலத் திரை இருப்பதாக வைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். 2007-இல் ஐபோன் வந்தபோது இருந்த தளங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்காகக் கட்டியவை. அவற்றைக் காட்டச் செய்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. டேகின் கன்டென்ட் மதிப்பு 'விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1'.

எனக்கு முகப்பு சரியாக வந்தது, ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தட்டி உள்ளே போனால் எறும்பு. அந்த உள்பக்கத்துக்குத் தனி டெம்ப்ளேட். அதில் டேக் போட மறந்திருந்தேன். ஆகவே எல்லா டெம்ப்ளேட்டையும் திறந்து பாருங்கள்.

அதே டேகில் 'யூசர்-ஸ்கேலபிள்=நோ' என்று எழுதிப் பெரிதாக்குவதைத் தடுக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை விரித்து உற்றுப் பார்க்கத்தான் இந்த மாதிரித் தளத்துக்கே ஆள் வருகிறார்கள்.

அறிகுறி: பக்கம் இடவலமாக ஆடுகிறது

அதிக நேரம் தின்றது இதுதான். மேலும் கீழும் மட்டும் நகர வேண்டிய பக்கம், விரல் வைத்தால் பக்கவாட்டில் நழுவும்; வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டை எட்டிப் பார்க்கும்.

"அண்ணா, லேப்டாப்புல விண்டோவச் சுருக்கிப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு" என்றார் என்னிடம் வேலை கற்கும் தம்பி. அவர் மேல் தப்பில்லை. குரோம் விண்டோவை இழுத்துச் சுருக்கினால் சுமார் 500 பிக்சலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பார்க்க பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து டிவைஸ் டூல்பாரைப் போட வேண்டும். 360, 320 இரண்டையும் பாருங்கள். 320-இல் இப்போது யார் போன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். 1280 பிக்சல் திரையில் கண் பார்வை குறைந்தவர் 400 சதவீதம் பெரிதாக்கினால் அவருக்குக் கிடைப்பது அதே 320-தான்.

முதலில் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். சிஎஸ்எஸ் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு 'அவுட்லைன்: 1 பிக்சல் சாலிட் ரெட்' என்று எழுதுங்கள். எல்லாப் பெட்டிக்கும் சிவப்புக் கோடு விழும். எது வேலி தாண்டி நிற்கிறது என்று கண்ணால் தெரியும். பார்டர் போடாதீர்கள், அது தானே இடம் எடுத்துக்கொண்டு பிழையை மாற்றிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது.

என் தளத்தில் பிடிபட்டவை நான்கு.

ஒன்று, கார்டு கிரிட். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அதன் விவரமும் உள்ள பெட்டியைத்தான் கார்டு என்கிறேன். 'ரிபீட்' உள்ளே 'ஆட்டோ-ஃபில்', அதற்குள் 'மின்மேக்ஸ்(300 பிக்சல், 1எஃப்ஆர்)' என்று எழுதியிருந்தேன். பக்க ஓரத்தில் இரண்டு பக்கமும் 24 பிக்சல் பேடிங். 360 போனில் 312 மிச்சம், கார்டு அடங்கியது. 320-இல் 272-தான் மிச்சம். ஆனால் கார்டு 300-க்குக் கீழே இறங்க மறுத்து 28 பிக்சல் வெளியே துருத்தியது. எல்லாம் நெகிழ்கிறது என்று நான் நம்பியிருந்த வரியிலேயே ஆணி. 300 என்ற இடத்தில் 'மின்(100%, 300 பிக்சல்)' என்று எழுதினால் இடம் இல்லாதபோது கார்டு இறங்கிவரும்.

இரண்டு, நீளமான இணைய முகவரி. ஒவ்வொரு கார்டுக்கும் கீழே அந்தத் தளத்தின் முகவரியை எழுதுவேன். நடுவில் இடைவெளி இல்லாத நாற்பது எழுத்து முகவரி ஒன்று வந்தால் கார்டை விட்டு வெளியே வழியும். பத்திக்குக் குறைந்தபட்ச அளவு சொல்லாமல் வெறும் 1எஃப்ஆர் என்று எழுதியிருந்தால் பத்தியே அதற்கேற்ப விரிந்துவிடும், ஏனென்றால் அப்படிப்பட்ட கிரிட்டில் உட்காரும் பொருள் தன் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே தானாகச் சுருங்காது. கார்டுக்கு 'மின்-விட்த்: 0' கொடுங்கள், முகவரிக்கு 'ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர்' கொடுங்கள். 'பிரேக்-வேர்டு' என்ற மதிப்பும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது உதவிக்கு வராது. ஒரு மாலை முழுக்க இந்த வித்தியாசத்தில் போனது.

மூன்று, 100 விடபிள்யூ, அதாவது திரை அகலத்தில் நூறு சதவீதம். முகப்புப் பட்டையை ஓரம் முட்ட விரிக்க 'விட்த்: 100விடபிள்யூ' என்று எழுதியிருந்தேன். போனில் ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் லேப்டாப்பில்தான் ஆடியது. அங்கே ஸ்க்ரோல்பார் 15 பிக்சல் போல இடம் பிடிக்கிறது, 100 விடபிள்யூ அந்த இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. சாதாரண 100 சதவீதமே போதும்.

நான்கு, பழைய பேடிங். 'விட்த்: 100%' கொடுத்துவிட்டு மேலே 20 பிக்சல் பேடிங்கும் கொடுத்தால் கூட்டினால் நூறைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' என்று ஒரு வரி, முடிந்தது.

இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பதற்கு முன்பு, அவசரத்தில், முழுப் பக்கத்தையும் சுற்றியிருந்த டிவ்வுக்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்' போட்டேன். ஆட்டம் நின்றது. டீ குடிக்கப் போனேன்.

அறிகுறி: ஃபில்டர் பட்டை மேலே ஒட்ட மறுக்கிறது

மூன்று நாள் கழித்து வந்தது இது. நிறம், துறை, மொழி என்று வடிகட்டும் பட்டை, கீழே இறங்கினாலும் திரையின் தலையில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். 'பொசிஷன்: ஸ்டிக்கி', 'டாப்: 0' இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் மற்றதோடு சேர்ந்து மேலே போய் மறைந்துவிட்டது.

நான் போட்ட அந்த ஹிடன்தான் காரணம். ஓவர்ஃப்ளோவில் ஒரு திசையை ஹிடன் ஆக்கினால் மறு திசை தானாக 'ஆட்டோ' ஆகிவிடும். அந்த டிவ் தனியாக ஸ்க்ரோல் ஆகும் பெட்டி என்று பிரவுசர் முடிவு செய்யும். ஸ்டிக்கி தனக்கு மேலே உள்ள முதல் ஸ்க்ரோல் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியோ உண்மையில் ஸ்க்ரோல் ஆவதே இல்லை. அப்புறம் எங்கே ஒட்டுவது?

ஸ்டிக்கி வேலை செய்யாவிட்டால் அதன் பெற்றோரில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே போய் ஓவர்ஃப்ளோ எங்கே எழுதியிருக்கிறது என்று டெவ்டூல்ஸில் பாருங்கள். நீக்க முடிந்தால் நீக்குங்கள். கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 'ஹிடன்' இருக்கும் இடத்தில் 'கிளிப்' எழுதுங்கள். அது ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது.

ஃபில்டர் பக்கவாட்டுப் பத்தியாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. கிரிட்டில் பத்திகள் இயல்பாகவே ஒரே உயரத்துக்கு இழுபடும். பத்தியே பக்க நீளத்துக்கு இழுபட்டு நின்றால் ஒட்டிக்கொண்டு நகர இடமே இராது. 'அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட்' கொடுங்கள்.

அறிகுறி: கார்டில் தளத்தின் தலை தெரியவில்லை, வயிறு தெரிகிறது

கேலரித் தளங்களுக்கே உரிய நோய். எல்லாக் கார்டும் ஒரே உயரத்தில் இருக்க 'ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்' போடுவோம். அது படத்தின் நடுப்பகுதியைக் காட்டி மேலும் கீழும் வெட்டும். மனிதர் புகைப்படத்துக்குச் சரி. முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட்டின் நடுவில் இருப்பது யாரோ ஒரு வாடிக்கையாளரின் பாராட்டும் பாதி அறுந்த பட்டனும்தான். 'ஆப்ஜெக்ட்-பொசிஷன்: டாப்' என்று எழுதினால் முகப்பின் தலைப்பகுதி வரும்.

அறிகுறி: படம் நீளவாக்கில் இழுபட்டுத் தெரிகிறது, அல்லது பக்கம் குதிக்கிறது

இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. குதிப்பது ஏன் என்றால், படம் வந்து சேரும்வரை அதன் உயரம் பிரவுசருக்குத் தெரியாது. வந்ததும் கீழே உள்ளதைத் தள்ளும். படிக்கத் தொடங்கிய கார்டு கையை விட்டுப் போகும். கூகுள் இந்தக் குதிப்பை சிஎல்எஸ் என்று அளக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது என்கிறது.

ரெஸ்பான்சிவ் வந்த புதிதில் இமேஜ் டேகில் இருந்த விட்த், ஹைட் இரண்டையும் நீக்கிவிடச் சொன்னார்கள். நானும் நீக்கினேன். இப்போது திருப்பிப் போட வேண்டும். இன்றைய பிரவுசர்கள் அந்த இரண்டு எண்ணையும் வைத்துப் படத்தின் விகிதத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்குகின்றன. போட்டுவிட்டு சிஎஸ்எஸில் 'மேக்ஸ்-விட்த்: 100%' மட்டும் வைத்தால் அகலம் சுருங்கி உயரம் அப்படியே நிற்கும், அதுதான் இழுபட்ட படம். 'ஹைட்: ஆட்டோ' சேர்க்க வேண்டும்.

அறிகுறி: கொஞ்ச தூரம் ஸ்க்ரோல் செய்தால் போனில் பக்கம் தானாக ரீலோடு ஆகிறது

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தன் கடைக்குத் தளம் போட மாதிரி பார்க்கிறேன் என்று என் கேலரியைத் திறந்தார். பத்து கார்டு தாண்டுவதற்குள் பக்கம் வெள்ளையாகி மறுபடி மேலிருந்து தொடங்கியது. "என்னப்பா, உன் சைட்டே நிக்கல, எனக்கு எப்படிப் போட்டுக் குடுப்ப?" என்றார். பதில் இல்லை.

கோப்பு அளவைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு படமும் 400 கேபிதான். ஆனால் அது சுருட்டி வைத்த பாய். திரையில் காட்டும்போது பிரவுசர் அதை விரிக்க வேண்டும். விரித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட். 1440 அகலம், 6000 உயரம் உள்ள முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட் விரிந்தால் சுமார் 34 எம்பி. ஒரு பக்கத்தில் உள்ள 24 கார்டுக்கு 800 எம்பிக்கு மேல். திரைக்குப் பக்கத்தில் வருவதை மட்டும் பிரவுசர் விரித்தாலும், விலை குறைந்த போனுக்கு அது பெரிய சுமை. நினைவகம் தீர்ந்ததும் டேபைக் கொன்று மறுபடி திறக்கிறது.

கார்டில் தெரியப்போவது மேல்பகுதி மட்டும். அதற்கு முழுப்பக்கப் படத்தைப் போட்டு சிஎஸ்எஸில் வெட்டுவது, முழுச் சேலையையும் விரித்துவிட்டு முந்தானையை மட்டும் காட்டுவது போல. அப்லோடு செய்யும்போதே மேல்பகுதியைத் தனியாக வெட்டிச் சிறிய படமாக்குங்கள். 640-க்கு 400 படம் விரிந்தால் 1 எம்பிதான். முழுப் படம் உள்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஒரே அளவுச் சிறிய படமும் போதாது. 360 பிக்சல் என்று சிஎஸ்எஸ் சொல்லும் போனில் உண்மையான புள்ளிகள் மூன்று மடங்கு, அதாவது 1080 இருக்கலாம். அங்கே 640 படம் மங்கலாகத் தெரியும். 480, 640, 1080 என்று மூன்று அளவு செய்து இமேஜ் டேகின் 'எஸ்ஆர்சிசெட்' இல் கொடுங்கள். கூடவே 'சைசஸ்' கட்டாயம். அதை எழுதாவிட்டால் படம் திரை அகலம் முழுக்க வரப்போகிறது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். நான்கு பத்தி லேஅவுட்டிலும் ஆகப் பெரிய படத்தையே இறக்கும். உதாரணமாக, 1200-க்கு மேல் நான்கு பத்தி, 700-க்கு மேல் இரண்டு பத்தி என்று வைத்த கிரிட்டுக்கு: 1200 பிக்சலுக்கு மேல் 25விடபிள்யூ, 700-க்கு மேல் 50விடபிள்யூ, மற்றபடி 100விடபிள்யூ.

படங்களை வெப்பி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வெள்ளையில் சிவப்பு எழுத்து இருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளில் எழுத்தோரம் கசிந்திருந்தது. தரத்தைக் கூட்டியும் போகவில்லை. தரம் இழக்கும் வகை வெப்பி, நிற விவரத்தை எப்போதும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிக்கும். அந்தப் படங்களை மட்டும் தரம் இழக்காத வகை வெப்பியில் வைத்தேன். ஸ்கிரீன்ஷாட் தெளிவாக இல்லாத கேலரியை யார் பார்ப்பார்கள்?

அறிகுறி: புதியது முதலில் வரவில்லை

உயரம் வேறுவேறான கார்டுகளைச் செங்கல் அடுக்கியது போலக் காட்ட 'காலம்-கவுண்ட்' பயன்படுத்தினால் இது நடக்கும். அது நாளிதழ்ப் பத்தி மாதிரி: முதல் பத்தி மேலிருந்து கீழ்வரை நிரம்பிய பிறகுதான் இரண்டாவது. நேற்று சேர்த்த இரண்டாவது ஸ்கிரீன்ஷாட் முதலாவதற்குப் பக்கத்தில் வராமல் கீழே போகும். வரிசை முக்கியம் என்றால் கிரிட்டுக்கு வந்துவிடுங்கள். நான் ஒரே உயரக் கார்டுக்கு மாறிவிட்டேன். பார்க்கவும் அதுதான் அமைதியாக இருக்கிறது.

ஃபில்டர் போட்டு இரண்டே முடிவு வரும்போது கார்டு பூதம் மாதிரி வீங்கினால், கிரிட்டில் 'ஆட்டோ-ஃபிட்' எழுதியிருப்பீர்கள். அது காலியான பத்திகளை மடித்து, இருக்கும் கார்டுகளுக்கே முழு இடத்தையும் பங்கு போடும். 'ஆட்டோ-ஃபில்' காலி இடத்தை அப்படியே விட்டுவைக்கும்.

அறிகுறி: போனில் தளத்தின் பெயரே தெரியவில்லை

மவுஸ் மேலே வந்தால் கார்டில் பெயரும் 'தளத்தைப் பார்' பட்டனும் மிதந்து வரும்படி செய்திருந்தேன். கம்ப்யூட்டரில் அழகு. விரலுக்கு ஹோவர் ஏது? சில போன்களில் முதல் தட்டலுக்குப் பெயர் வந்தது, இரண்டாவது தட்டலுக்குத்தான் திறந்தது. சிலவற்றில் பெயரைக் காட்டாமலேயே திறந்தது. பெயரை எப்போதும் கார்டுக்குக் கீழே எழுதுங்கள். மிதக்கும் அழகு வேண்டும் என்றால் 'ஹோவர்: ஹோவர்' என்ற மீடியா குவெரிக்குள் மட்டும் வையுங்கள், மவுஸ் இருக்கும் கருவிக்கு மட்டும் அது பொருந்தும்.

அறிகுறி: ஐபோனில் தேடல் பெட்டியைத் தொட்டால் பக்கம் பெரிதாகிறது

பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது. 16 ஆக்குங்கள், நின்றுவிடும். இதற்காகப் பெரிதாக்குவதையே பூட்டாதீர்கள்.

போனில் முழுத்திரையாகத் திறக்கும் ஃபில்டர் பலகையின் அடியில் இருக்கும் 'காட்டு' பட்டன் பாதி மறைந்தால், உயரத்துக்கு 100விஎச் எழுதியிருக்கிறது என்று அர்த்தம். போன் பிரவுசரில் அது முகவரிப் பட்டை மறைந்த நிலையின் உயரம். பட்டை தெரியும்போது அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். 100டிவிஎச் எழுதினால் அப்போதைக்கு உள்ள உயரத்தை எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: தமிழ் மட்டும் உடைகிறது

ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்த சிஎஸ்எஸ்தான் எங்கும் கிடைக்கிறது. தமிழைப் போட்டதும் பல் இளிக்கும். என் கேலரியில் பாதித் தலைப்புகள் தமிழ், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

தலைப்பில் கு, ழு போன்ற எழுத்துகளின் வாலும் கீ, றீ போன்றவற்றின் மேல்சுழியும் வெட்டுப்பட்டால் 'லைன்-ஹைட்' 1.1 அல்லது 1.2 இல் இருக்கும், மேலே ஒரு ஓவர்ஃப்ளோ ஹிடனும் இருக்கும். நான் தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.7 வைக்கிறேன். 'லெட்டர்-ஸ்பேசிங்' ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வைத்த அலங்காரம். தமிழில் எழுத்துகளைப் பிரித்துப் போட்டு எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கும். தமிழுக்குப் பூஜ்யமே சரி.

பட்டனுக்கு 80 பிக்சல் அகலம் நிர்ணயித்து 'சேவ்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் 'சேமித்துக்கொள்' என்று மாற்றினால் எழுத்து வெளியே தொங்கும். அகலம் சொல்லாதீர்கள், இருபுறமும் பேடிங் மட்டும் கொடுங்கள். வரி மடிய வேண்டும் என்று 'வேர்டு-பிரேக்: பிரேக்-ஆல்' போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள். 'வடிவமைப்' ஒரு வரியிலும் 'பு' அடுத்த வரியிலும் விழும்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது தலைப்பைச் சுருக்கும் ஜாவாஸ்கிரிப்ட். நீளமானால் முதல் பத்து எழுத்தை எடுத்து மூன்று புள்ளி வை என்று 'ஸ்லைஸ்' எழுதியிருந்தேன். 'வெள்ளிக் கொலுசு' என்ற தலைப்பு 'வெள்ளிக் க…' என்று வந்தது. நமக்கு அதில் ஏழு எழுத்தும் ஓர் இடைவெளியும். கணினிக்கோ 15, ஏனென்றால் மெய்யின் புள்ளியும் ஒவ்வோர் உயிர்க்குறியும் அதற்குத் தனித்தனி எண்ணிக்கை. பத்தாவதில் வெட்டினால் 'கொ' வில் க மட்டும் மிஞ்சும். ஏழாவதில் வெட்டினால் 'வெள்ளிக' என்று புள்ளி போய்விடும். எழுத்தெழுத்தாக எண்ண 'இன்டில் செக்மென்டர்' இருக்கிறது. அதைவிட நல்லது வெட்டும் வேலையை சிஎஸ்எஸின் 'லைன்-கிளாம்ப்' இடம் விட்டுவிடுவது. இரண்டு வரி என்று சொன்னால் இரண்டு வரி.

அறிகுறி: வாடிக்கையாளர் லேப்டாப்பில் டேப்லெட் லேஅவுட் வருகிறது

உங்கள் 1366 திரையில் நான்கு பத்தி, அவருடைய 1366 திரையில் இரண்டு. விண்டோஸில் அவர் அளவை 125 சதவீதத்துக்குக் கூட்டி வைத்திருப்பார். 1366-ஐ 1.25-ஆல் வகுத்தால் 1093. லேஅவுட் மாறும் அகலம், அதாவது பிரேக்பாயிண்ட், உங்களுக்கு 1200. பிழையே இல்லை, ஆனால் 1093-இல் இரண்டு பத்தி சப்பையாகத் தெரிந்தால் நடுவில் மூன்று பத்தி நிலை ஒன்றைச் சேருங்கள். கருவிகளின் பெயரைப் பார்த்து பிரேக்பாயிண்ட் வைக்காமல், விண்டோவை மெதுவாக இழுத்து எந்த இடத்தில் கார்டு அசிங்கமாகிறதோ அங்கே வைப்பதுதான் என் வழக்கம்.

சரியாக 768 இல் மட்டும் எல்லாம் குழம்பினால், ஓரிடத்தில் 'மேக்ஸ்-விட்த்: 768' என்றும் இன்னோரிடத்தில் 'மின்-விட்த்: 768' என்றும் எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு அகலத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும். மின்-விட்த் மட்டும் வைத்துச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதிக்கொண்டு போங்கள்.

அறிகுறி: மாற்றியது எதுவுமே தெரியவில்லை

கேஷ். பிரவுசர் முன்பே சேமித்து வைத்த பழைய கோப்பைக் காட்டுகிறது. சிஎஸ்எஸ் கோப்பின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் சேருங்கள். இதைப் பார்க்காமல் சரியான கோடை இரண்டு மணி நேரம் திருத்திக்கொண்டிருந்த கதையெல்லாம் எல்லோரிடமும் உண்டு.

அறிகுறி: வீட்டில் பறக்கிறது, மலையில் திறக்கவே இல்லை

ஏற்காடு போகும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் தாண்டிய பிறகு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே என் தளத்தைத் திறந்தேன். கட்டங்கள் வந்தன, எழுத்து இல்லை. தமிழ் ஃபான்ட் இறங்கும்வரை பிரவுசர் எழுத்தைச் சுமார் 3 விநாடி மறைத்து வைக்கும். ஃபான்ட் விதியில் 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' எழுதினால் போனில் உள்ள தமிழ் எழுத்தில் உடனே காட்டிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளும்.

மேல் வரிசைப் படங்களும் தாமதமாகவே வந்தன. எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'லோடிங்=லேசி' போட்டிருந்தேன். திறந்ததும் தெரிய வேண்டிய முதல் வரிசைக்கு அது கூடாது. இறக்கத் தொடங்குவதையே தள்ளிப்போடும். பெரிய படம் 2.5 விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இன்னொரு வளைவில் கார்டுகளே வரவில்லை, ஏனென்றால் அவற்றை ஜாவாஸ்கிரிப்ட் வரைந்துகொண்டிருந்தது, அந்தக் கோப்பு பாதியில் நின்றுவிட்டது. முதல் 24 கார்டுகளையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதி அனுப்பும்படி மாற்றினேன். பஸ் ஏற முடியாதவர்கள் டெவ்டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் ஸ்லோ 4ஜி போட்டுப் பார்க்கலாம்.

அறிகுறி: பேக் அழுத்தினால் மறுபடி தலையிலிருந்து தொடங்குகிறது

முடிவில்லா ஸ்க்ரோல். எண்பதாவது கார்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் முதல் கார்டு. தவிர, அடியில் இருக்கும் தொடர்பு லிங்கை எவராலும் எட்டிப் பிடிக்க முடியாது. கிட்டே போனால் இன்னும் 24 கார்டு வந்து தள்ளிவிடும். 'மேலும் காட்டு' பட்டன் வைத்து, அழுத்தும்போது முகவரியில் பக்க எண்ணும் மாறும்படி செய்தேன். இப்போது திரும்பினால் அதே பக்கத்துக்குத் திரும்பலாம்.

அறிகுறி: பழைய லிங்க் எல்லாம் முகப்புக்குப் போகிறது

முன்பு போனுக்கென்று எம் புள்ளியில் தொடங்கும் தனி முகவரி வைத்திருந்தவர்கள், ஒரே தளமாக்கும்போது பழையதை மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 ஆக, அதாவது நிரந்தர மாற்றமாக, திருப்ப வேண்டும். முகவரி அமைப்பு ஒன்றாக இருந்தால் சர்வரில் ஒரே விதி போதும். எனக்குப் பழைய எண்ணும் புதிய பெயரும் ஒத்துப்போகவில்லை; அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக இணைத்தோம். தம்பி இரண்டு நாள் உட்கார்ந்தார், தட்டுவடை செட் என் செலவு.